ஓசூரில் பிறந்து ஊர் சேராத ஸ்ட்ரட்

திண்டுக்கல்லில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனை ஊர் கிறுக்கன் என்று சொல்லும். அதில் கொஞ்சம் பிரியமும் உண்டு. அந்தக் காரின் முன்பக்க ஸ்ட்ரட் இரண்டும் போன பிறகு கார் கம்பெனி, ஆர்.டி.ஓ. ஆபீஸ், வரித்துறை, சுங்கச்சாவடி எல்லாம் சேர்ந்து அவனை நடத்துகிற விதத்தைப் பார்த்தால், கிறுக்கன் என்ற பட்டத்தை அவன் ஆசையோடு வாங்கி வைத்துக்கொள்வான்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் சிவப்பு ஃபெராரியைக் கற்பனை செய்து பொறாமைப்பட வேண்டாம். நம்மூர்க் கணக்கில் அது 2001-ல் வந்த ஃபியட் பாலியோ 1.6, 2004-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.; அதற்குப் பின் வந்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ்., மிட்சுபிஷி சீடியா. பிள்ளை பிறப்பதற்கு முன் எவனோ ஒரு இளைஞன் கடன் வாங்கி எடுத்து, பிள்ளை பிறந்ததும் விற்று, கைமாறிக் கைமாறி இன்று புது புல்லட் விலைக்குள்ளேயே கிடைக்கிற வண்டிகள். இந்த நான்கில் மூன்று கம்பெனிகள் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டன. மிட்சுபிஷி கார்களைத் திருவள்ளூரில் செய்துகொண்டிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையும், ஃபியஸ்டா பிறந்த மறைமலை நகர் ஆலையும் நம் மாநிலத்தில்தான் இருந்தன. 2021 செப்டம்பர் 9-ம் தேதி ஃபோர்டு கடையைக் கட்டுவதாக அறிவித்தபோது, உதிரி பாகமும் சர்வீஸும் தொடரும் என்று வாக்குக் கொடுத்தது. வாக்குக்கு என்ன, அதற்கு ஆயில் சீல் கிடையாது, ஒழுகவும் ஒழுகாது.

ஸ்ட்ரட்டை நம் மெக்கானிக்குகள் பொதுவாக ஷாக்கு என்றே சொல்வார்கள். சக்கரத்தைத் தாங்கும் தூண், குலுக்கலை அடக்கும் ஆயில் குழாய், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங், மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த பாகம் அது. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியாளர் 1940-களில் ஜெனரல் மோட்டார்ஸில் இதற்கு வடிவம் கொடுத்தார். ஆயிரம் டாலருக்குள் ஒரு சின்ன கார் செய்யவேண்டும் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மலிவு, எளிமை, குறைந்த இடம் ஆகியவற்றுக்காகவே இந்த அமைப்பை யோசித்தார். அந்தக் கார் வெளியே வரவில்லை. மெக்ஃபர்சன் ஃபோர்டுக்குப் போனார்; 1950-ல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபயர் கார்கள் இந்த ஸ்ட்ரட்டோடு வந்தன. இன்று உலகில் ஓடும் சாதாரண கார்களில் பெரும்பாலானவை முன்பக்கம் இதன்மேல்தான் நிற்கின்றன. ஏழைக்கும் கார் கிடைக்கட்டும் என்று மலிவாகச் செய்த பாகம் அது. மெக்ஃபர்சன் உயிரோடு இருந்து திண்டுக்கல்லில் ஒரு ஜோடி விலை கேட்டால், கண்டுபிடித்ததற்காகக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஊர் திரும்புவார்.

அது ஏன் போகிறது? ரோட்டைக் கேளுங்கள்.

வேகத்தடை எப்படி இருக்கவேண்டும் என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் எழுதி வைத்திருக்கிறது. 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மேலே வட்டமாக வளைந்த முதுகு. 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கலாம். மாருதி 800-ன் மொத்த நீளமே 3.3 மீட்டர் சொச்சம்தான். விதிப்படி போட்ட வேகத்தடை அந்தக் காரை முழுசாகத் தன் முதுகில் ஏற்றி இறக்கும். பழனி ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பி நீங்கள் பார்க்கும் வேகத்தடையை அளந்து பாருங்கள். ஒரு முழ அகலம், அதில் பாதி உயரம். வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. கவுன்சிலர் வீட்டுக்கு முன்னால் ஒன்று, அவரைத் தோற்கடிக்க நினைப்பவர் வீட்டுக்கு முன்னால் போட்டிக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணைத் தள்ளி, மழை வந்து அமுக்கிக் கொள்ளட்டும் என்று இயற்கையிடம் ஒப்படைத்த பள்ளம். ஒரு ரோடு போட்டு முடிந்த வாரத்திலேயே அதைத் தோண்ட இன்னொரு துறைக்கு ஞானோதயம் வருகிறது. இந்த நாட்டில் துறைகளுக்கு இடையே ஒருங்கிணைப்பு இல்லை என்று யார் சொன்னது? ஒருவர் மூடியதும் மற்றவர் தோண்டுவதில் இவ்வளவு கச்சிதம் வேறெங்கே உண்டு?

நான்குவழிச் சாலையாவது நன்றாக இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கொடைரோட்டில் சுங்கம் கட்டி அந்த நல்ல ரோட்டில் போய், ஊருக்குள் இறங்கி, அங்கே சேமித்த உயிரை இங்கே செலவழிக்கலாம். காருக்கு ஆயுள் வரி கட்டியாயிற்று. பெட்ரோலில் வரி கட்டியாயிற்று. சுங்கமும் கட்டியாயிற்று. கட்டின பணத்தில் போட்ட பள்ளத்தில் ஸ்ட்ரட் உடைகிறது. புது ஸ்ட்ரட் வாங்கினால் அதற்கும் வரி. 2017 ஜூலையிலிருந்து 2025 செப்டம்பர் 21 வரை ஷாக்குக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம். பான் மசாலா உட்கார்ந்திருந்த அதே அடுக்கு. அந்த எட்டு வருஷமும் தங்கத்துக்கு 3 சதவீதம். அட்டிகை போட்டுக்கொண்டு போகிறவர் பிழைக்கத் தெரிந்தவர். பிரேக் போட்டால் கார் நேராக நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டவன் பான் மசாலா பார்ட்டி. இப்போது 18 ஆகக் குறைத்துவிட்டார்கள். எட்டு வருஷம் கட்டியவர்கள் நன்றி சொல்லவேண்டுமாம்.

சரி, மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "ரெண்டு ஷாக்கும் காலிண்ணே, ஆயில் பூரா வெளியே வந்திருச்சு" என்று சொல்லிவிட்டார். ஒழுகும் ஸ்ட்ரட்டோடு ஓட்டினால் டயர் திட்டுத்திட்டாகத் தேயும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும், வளைவில் சக்கரம் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. மாற்றியே தீரவேண்டும். கம்பெனி பார்ட்ஸ் கவுண்டருக்குப் போகிறோம். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எல்லாக் கவுண்டரிலும் ஒரே பையன்தான் உட்கார்ந்திருக்கிறான். கம்ப்யூட்டரைத் தட்டுவான். "இந்த மாடல் டிஸ்கண்டினியூ சார்" என்பான். தெரியும் தம்பி, நீங்கள் நிறுத்தியதால் என் கார் ஓடுவதை நிறுத்திக்கொள்ளவில்லையே. மறுபடியும் தட்டுவான். "ஆர்டர் போட்டா வரும் சார். ஃபுல் அட்வான்ஸ். ரிட்டர்ன் கிடையாது. எப்ப வரும்னு சொல்ல முடியாது." விலையைக் கேட்டதும் அந்தப் பையனே பரிதாபப்பட்டு, பக்கத்தில் நிற்கிற புது மாடலைக் காட்டி, "எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஓடுது சார்" என்பான். இரண்டு ஷாக்கு கேட்கப் போனவனுக்கு ஏழு வருஷத்து மாதத் தவணையைக் கட்டிக் கொடுத்து அனுப்புவதற்கு விற்பனைத் திறமை என்று பெயர்.

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இந்த ஸ்ட்ரட்டைக் கார் கம்பெனி தன் கையால் செய்வதில்லை. ஷாக்கு செய்வதே தொழிலான ஆலைகள் செய்கின்றன. கேப்ரியல் நிறுவனத்துக்கு ஓசூரில் ஆலை இருக்கிறது. ஓசூரில் கிளம்பி கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர் என்று வருகிற 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை அப்படியே திண்டுக்கல்லைத் தொட்டுக்கொண்டு மதுரைக்குப் போகிறது. காலையில் லாரியில் ஏற்றினால் சாயங்காலம் நாகல் நகரில் இறக்கலாம். ஆனால் கார் கம்பெனிக்கென்று செய்த ஸ்ட்ரட் அப்படி நேராக வந்துவிட முடியாது. கம்பெனிக் கிடங்கு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கே யாத்திரை போய், கம்பெனி பெயர் அச்சடித்த அட்டைப்பெட்டிக்குள் ஞானஸ்நானம் பெற்று, புனித விலையோடுதான் ஊர் திரும்பவேண்டும்.

இது என் கற்பனையான புலம்பல் என்று நினைத்தால், இந்தியப் போட்டி ஆணையத்தின் 2014 ஆகஸ்ட் 25 தேதியிட்ட தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். 2011-ல் ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கு. பாகம் செய்யும் ஆலைகள் அதை வெளிச்சந்தையில் நேராக விற்கக் கூடாது என்று கார் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தன. வெளி மெக்கானிக்குக்கு உதிரி பாகமும் கிடைக்காமல், பழுது கண்டுபிடிக்கும் கருவியும் கையேடும் கிடைக்காமல் பார்த்துக்கொண்டன. உதிரி பாகத்தில் சர்வசாதாரணமாக 100 சதவீதம், சிலவற்றில் 5,000 சதவீதம் வரை விலையை ஏற்றி விற்றன. இதையெல்லாம் ஆணையமே எழுதியது. 5,000 சதவீதம் என்றால் நூறு ரூபாய்ப் பாகம் ஐயாயிரத்து நூறு ரூபாய். கந்துவட்டிக்காரன்கூட வீட்டு வாசலில் வந்து நின்று முகத்தைக் காட்டித்தான் வாங்குகிறான்.

14 கம்பெனிகளுக்குச் சேர்த்து ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம். டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346 கோடி, மாருதிக்கு 471 கோடி. ஃபோர்டு, ஃபியட், ஸ்கோடா, இந்துஸ்தான் மோட்டார்ஸ் எல்லாம் பட்டியலில் உண்டு. நம் நான்கு ஸ்போர்ட்ஸ் காருக்கும் பெற்றோர் இவர்கள்தான். அடுத்த வருஷம் ஹூண்டாய்க்குத் தனியாக 420 கோடி. அப்புறம்? மேல்முறையீடு. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் குற்றம் குற்றம்தான் என்று ஒப்புக்கொண்டு, முன்னால் வந்து நின்றவர்களின் அபராதத்தை வெட்டிக் குறைத்தது. வேறு சிலர் உயர்நீதிமன்றத்தில், போட்டிச் சட்டத்தின் பிரிவுகளே செல்லுமா என்று கேள்வி கேட்டார்கள். ஹெல்மெட் போடாமல் ரோட்டில் போனவன், அந்தச் சட்டம் செல்லுமா என்று முதலில் விசாரியுங்கள், அப்புறம் ஆயிரம் ரூபாய் கட்டுகிறேன் என்று போலீஸ்காரரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

நாங்கள் பூட்டு செய்கிற ஊர்க்காரர்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டை விற்றவன் சாவியை மட்டும் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, திறக்கவேண்டிய போதெல்லாம் என்னிடம் வா, தடவைக்கு இவ்வளவு என்று கேட்டால் பேகம்பூரில் அவனை உரித்துவிடுவார்கள். காரில் அதையே செய்தால் பிராண்டு மரியாதை.

அரசாங்கம் சும்மா இருந்துவிட்டது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கு நுகர்வோர் விவகாரத் துறை குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் என்று நான்கு துறைகள். அந்த டிசம்பர் 24-ம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தில், ஒரு இணையதளம் திறந்தார்கள். 2025-ல் இன்னொரு குழு, எந்தப் பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மார்க் போடும் திட்டத்தைக் கையளித்தது. செல்போன், மின்னணுச் சாமான்களுக்கு. காருக்கு வரிசை எப்போது வருமோ. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்துக்காரர்கள் 2012-லேயே பழுதுபார்க்கும் உரிமையை ஓட்டுச்சீட்டில் வைத்து, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆதரித்து, கார் கம்பெனி வெளி மெக்கானிக்குக்கும் விவரம் தந்தாகவேண்டும் என்று சட்டமாக்கிவிட்டார்கள். நம்மிடம் ஓட்டு கேட்டு வருகிறவர்கள் மிக்ஸி தருவார்கள், கிரைண்டர் தருவார்கள். அது ரிப்பேரானால் என்ன செய்வது என்று கேட்டால் அடுத்த தேர்தல் வரை பொறுக்கச் சொல்வார்கள்.

பழைய காரைத் தண்டிப்பதில் மட்டும் எந்தக் குழுவும் தேவைப்படவில்லை. 15 வருஷம் கழிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. இதன் மேல் தமிழக அரசின் பசுமை வரி. போகட்டும், கட்டுகிறோம். கட்டியவனை நிறுத்தி ஆய்வாளர் கேட்பார், வண்டி தயாரிப்பாளர் சொன்ன விவரப்படியே இருக்கிறதா என்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, அதிலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. மீறி மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஆக, தயாரிப்பாளர் சொன்னபடியே வைத்திரு. ஆனால் தயாரிப்பாளர் பாகம் தரமாட்டார். கம்பெனிக்கென்று செய்ததை ஆலை நேராக விற்காது. ஓட்டினால் அபாயம், ஓட்டாவிட்டால் பழைய இரும்பு, வைத்திருந்தால் அபராதக் கட்டணம். இவ்வளவு அழகாக நான்கு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டு நடுவில் பெரிய எழுத்தில் 'வாகன அழிப்பு மையம்' என்று ஒரு வாசல் மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். கோவைக்காரர் கரிவரதன் மாருதி 800 பாகங்களை வைத்து ஃபார்முலா மாருதி என்று பந்தயக் காரே கட்டினார். ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் அதில் பழகினார்கள். பந்தயத் திடலோடு நின்றதால் 52-வது பிரிவிடமிருந்து பிழைத்தார்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனுக்கு ஷாக்கு கிடைக்காததற்கு நாடே அழவேண்டுமா என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. அவன் பஸ்ஸில் போகலாம். பஸ்ஸின் ஷாக்கு எப்படி இருக்கிறது என்பதை வத்தலக்குண்டு ரோட்டில் போகிறவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். ஆனால் ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் மினி லாரியும், ஷேர் ஆட்டோவும், டிராக்டரும் இதே பூட்டுக்குள்தான் நிற்கின்றன. கிறுக்கனுக்குப் பாகம் மறுக்கப் பழகிய கை, நாளை உழவனுக்கும் மறுக்கும். மறுத்துக்கொண்டும் இருக்கிறது.

பாகம் கிடைக்கும்வரை கிறுக்கன் என்ன செய்கிறான்? பட்டறைக்காரரிடம் போகிறான். சட்டமும் ஆணையமும் செய்யாததை கிரீஸ் படிந்த ஒரு மூளை செய்கிறது. ஸ்போர்ட்ஸ் என்று பேட்ஜ் ஒட்டிய பல கார்களின் ஸ்ட்ரட் உடம்பு அதன் சாதா மாடலின் உடம்புதான். உள்ளே ஆயில் போகும் வால்வின் இறுக்கமும் ஸ்பிரிங்கின் உயரமும் மட்டும் வேறு. சாதா மாடல் ஆயிரக்கணக்கில் ஓடுவதால் அதற்கு ஷாக்கு ஆலைகள் தங்கள் சொந்தப் பெயரிலேயே விற்கிற ஸ்ட்ரட் கடையில் கிடைக்கிறது, கம்பெனிப் பெட்டியை விட வெகு மலிவாக. பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய், கீழே போல்ட் துளைகளின் இடைவெளி, ராடின் தடிமன், ஸ்பிரிங் உட்காரும் தட்டின் உயரம், லிங்க் ராடு மாட்டும் காது, ஏ.பி.எஸ். வயர் பிடிக்கும் கிளிப் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குகிறார்கள். வண்டி கொஞ்சம் மெத்தென்று ஆகும். வளைவில் கொஞ்சம் சாயும். உயிர் போகாது.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. அங்கே இறங்காதீர்கள் என்று காலில் விழுந்து சொல்வேன். சீல் செய்த ஸ்ட்ரட்டை அறுத்து, புது ஆயில் ஊற்றி, வெல்டிங் வைத்து, கறுப்பு பெயிண்ட் அடித்து ரீகண்டிஷன் என்று விற்கிறார்கள். திருகு மூடி போட்ட அந்தக் காலத்து ஸ்ட்ரட்டுக்கு உள்பாகம் மாற்றலாம், அது வேறு. வெல்டிங் வைத்ததை மாட்டிக்கொண்டு கொடைக்கானல் மலையிறங்குகிறவன் தன் குடும்பத்தை ஒரு வெல்டரின் மூடுக்கு அடமானம் வைக்கிறான். சென்னை புதுப்பேட்டையில் அறுத்த வண்டியிலிருந்து எடுத்த ஸ்ட்ரட்டும் சூதாட்டம்தான். அந்த சீலுக்கும் உங்கள் சீலின் வயசு. ஒரே பக்கம் மட்டும் மாற்றிவிட்டு மிச்சம் பிடிக்கிற புத்திசாலித்தனமும் வேண்டாம், ஜோடியாகத்தான் மாற்றவேண்டும். மேல் மவுண்டையும் பம்ப் ஸ்டாப்பையும் சேர்த்து மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்க்கவேண்டும். ஸ்பிரிங்கைக் கயிற்றால் கட்டி அமுக்குகிற பட்டறையாக இருந்தால் எட்டி நில்லுங்கள். கட்டு அறுந்தால் அது ஆளைக் கொல்லும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் வாங்க அந்தப் பட்டறைக்காரருக்கு வக்கில்லாமல் செய்ததும், கையேடு கிடைக்காமல் செய்ததும் யார் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ரோட்டுக்கே திரும்புவோம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம் இரவில் நடந்தது. 3.5 கிலோமீட்டர் தெரு. வேகத்தடையைக் காணோம், பள்ளத்தைக் காணோம், வழுவழுவென்று தார். ரோடு போடத் தெரியாது என்று நாம் இத்தனை நாள் அதிகாரிகளை அபாண்டமாகப் பழித்துக்கொண்டிருந்திருக்கிறோம். நன்றாகத் தெரியும். யாருக்குப் போடுவது என்பதும் தெரியும்.

எனவே அரசுக்குப் பணிவான விண்ணப்பம் ஒன்று. அடுத்த பந்தயத்தைத் திண்டுக்கல்லில் வையுங்கள். பஸ் ஸ்டாண்டில் தொடக்கம், நாகல் நகர், பேகம்பூர் சுற்றி மறுபடி பஸ் ஸ்டாண்ட். ரோட்டைத் தொடவேண்டாம், இருப்பது இருக்கட்டும். அபராதத் தீர்ப்பில் பெயர் வந்த 14 கம்பெனிகளின் மேலதிகாரிகளும் ஆளுக்கொரு பழைய மாடலை ஓட்டட்டும். நெடுஞ்சாலைத் துறைச் செயலாளர் பக்கத்து சீட்டில் உட்காரட்டும். இரண்டு ஸ்ட்ரட்டும் ஒழுகாமல் முதலில் வந்து சேர்கிறவருக்குப் பரிசு, கம்பெனிப் பெட்டியில் வைத்த ஒரு ஜோடி ஒரிஜினல் ஸ்ட்ரட். மேடையில் வெறும் கையோடு மாலையை வாங்கிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். ஸ்டாக் இல்லை. ஆர்டர் போட்டிருக்கிறோம், வந்ததும் போன் பண்ணுகிறோம்.